ஹீட்டர் செலவே இல்லாத வீடு

உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களில் எத்தனையோ வகை உண்டு. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காப்பாற்றுகிறவர், செடி நட்டுப் படம் எடுத்துக்கொண்டு காப்பாற்றுகிறவர், பக்கத்து வீட்டுக் குழாயை எட்டிப் பார்த்தே காப்பாற்றுகிறவர் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. இவர்களையெல்லாம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். நாம் இங்கே பார்க்கப்போவது பசுமை வீட்டுக்காரரை. அவர் ஒரே ஒரு வீட்டைக் கட்டி உலகத்தைக் காப்பாற்றி முடித்துவிட்டார். அதை நமக்குச் சுற்றிக் காட்டுவது மட்டும்தான் பாக்கி.

அவரைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், அவரே வந்து பிடித்துக்கொள்வார். பல் டாக்டர் வீட்டு வாசலில், வீங்கிய கன்னத்தைக் கையில் ஏந்தி உங்கள் முறைக்காகக் காத்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கேள்வி வரும். "உங்க வீட்டுச் சுவர் மூச்சு விடுதா?" சுவர் ஒழுகுகிறதா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்கள். மூச்சைப் பற்றி யார் கண்டது? நீங்கள் விழிப்பதைப் பார்த்ததும், பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டவரைப் பார்ப்பதுபோல் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். "ஞாயித்துக்கிழமை காலைல ஒம்பது மணிக்கு வாங்க. காட்டறேன்." அந்த ஒன்பது மணியைக் கவனியுங்கள். பத்தரைக்கு மேல் அவர் யாருக்கும் வீட்டைக் காட்டுவதில்லை.

நம்முடைய ஆளுக்குத் தெருவில் மூச்சு சார் என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பயிற்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் குச்சி பிடித்துத் திரையைச் சுட்டிக்காட்டிய கை அது. ஓய்வு பெற்ற மறுநாளே, சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாமல் அந்தக் கை தவித்துப்போயிற்று. அதனால் வீடு கட்டினார். குடியிருப்பதற்காக வீடு கட்டுவார்கள் என்பதெல்லாம் நம்மைப் போன்ற அப்பாவிகளின் நினைப்பு.

எந்த வீட்டைக் கட்டுவது? வழவழவென்ற தாளில் அச்சிட்ட கனமான புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் எழுபத்திரண்டாம் பக்கத்தில் பரிசு வாங்கிய ஒரு வீடு. தெற்கிலும் மேற்கிலும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. தெற்குக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டடி கனத்தில் ஒரு கருங்கல் சுவர். பகல் முழுக்க வெயிலைக் குடித்து, பொழுது சாய்ந்ததும் அதை வீட்டுக்குள் விடுகிற சுவர். செங்குத்தாகச் சரிந்த கூரை. ஒரு பொட்டுக் காற்றும் நுழையாதபடி ரப்பர் பட்டை ஒட்டிய இரட்டைக் கதவு. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார்.

மேஸ்திரி படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். "சார், கூரை மேல வெள்ளையா குவிஞ்சு கிடக்கே, அது என்ன?"

"அது பனி, மேஸ்திரி."

"நம்ம ஊர்ல இப்படிக் குவியற பனியெல்லாம் விழாதுங்களே."

"நீங்க டிசைனைப் பாருங்க. பனியை எதுக்குப் பார்க்கறீங்க?"

"இவ்ளோ கண்ணாடி வச்சா வெயில் அப்படியே உள்ள வந்துடும் சார்."

"அதுக்குத்தானே வைக்கிறதே!"

வெயில் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டுக் கூலியும் கொடுத்தால், வேண்டாம் என்று சொல்ல மேஸ்திரி யார்? கட்டிக் கொடுத்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் ஒரு குறையும் இல்லை. புத்தகத்தில் போட்டிருந்தபடி இம்மி பிசகாமல் வேலை செய்தது. உள்ளே வந்த வெயில் வெளியே போகவில்லை. கருங்கல் பகலில் குடித்ததை இரவில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் திருப்பிக் கொடுத்தது. வழுக்கி விழப் பனி இல்லாத கூரையில் அணில்கள் வழுக்கி விழுந்தன. சுவர் நன்றாகவே மூச்சு விட்டது. உள்ளே இருந்த இரண்டு பேரால்தான் விட முடியவில்லை.

அந்த இரண்டு பேரில் ஒருவர் அவரே. அவர் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குத் 'தனிநபர் குளிர்விப்பு முறை' என்று பெயரும் வைத்துவிட்டார். மற்றவர் அவர் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பது அந்த அம்மாவின் தொழில். மேற்குக் கண்ணாடிக்கு அருகே அவருக்குத் தையல் மெஷின் போட்டுக் கொடுத்திருந்தார், வெளிச்சம் நன்றாக வரும் என்று. வெளிச்சம் வந்தது. கூடவே வந்த சூட்டில் கத்தரிக்கோலைத் தொட முடியவில்லை. சாக்குக்கட்டி வெள்ளைத் துணியில் கோடு போடும் முன்னே, நெற்றியிலிருந்து சொட்டியது துணியில் வட்டம் போட்டது.

"என்னங்க, ஒரு ஃபேன் போடலாமே."

"ஃபேன் போட்டா வீடு தோத்துப் போச்சுன்னு அர்த்தம்."

"புழுங்குதுங்க."

அறைக்கு ஒரு வெப்பமானி மாட்டி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நோட்டில் எழுதி வைத்திருந்தார் மூச்சு சார். நோட்டைப் புரட்டினார். "உனக்குப் புழுங்கற மாதிரி இருக்கு. அது மனசு. வருஷ சராசரி பார்த்தா இந்த அறை வெறும் முப்பத்தொண்ணுதான்."

"நான் சராசரியிலயா உக்காந்து தைக்கிறேன்? இன்னிக்கு, இந்த மத்தியானத்துல உக்காந்து தைக்கிறேன்."

சராசரிக்கு எதிராகப் பேசுகிறவர்களோடு அவர் வாதம் செய்வதில்லை. துண்டை நனைக்கப் போய்விட்டார்.

அந்த அம்மாவைக் காப்பாற்றியது ஒரு கொட்டகை. வீடு கட்டும்போது சிமெண்டு மூட்டை அடுக்க மேஸ்திரி நாலே நாளில் போட்டது. மூச்சு சார் கோணல் என்று தள்ளிய செங்கல், மூலை உடைந்த ஓடு, இவ்வளவுதான் அதன் முதல். வரைபடம் ஒன்று இருந்தது. சிமெண்டுப் பையின் பின்பக்கத்தில், பென்சிலால். மூட்டைக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது என்று நாலு பக்கமும் ஓட்டுக் கூரையைத் தாழ இறக்கியிருந்தார் மேஸ்திரி. ஜன்னல் வாங்க மனமில்லாமல் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டிருந்தார். வேலியோரத்தில் ஒரு மரம் தன்பாட்டுக்கு அதன்மேல் நிழலைப் போட்டுக்கொண்டிருந்தது. முதலில் துணிக்கட்டை அங்கே வைக்கப் போனார் அந்த அம்மா. அப்புறம் மெஷின் போயிற்று. அப்புறம் மண்பானையும் அதன்மேல் ஒரு டம்ளரும் போயின. ஒரு வருஷத்தில், பெரிய வீட்டுக்கு அவர் வருவது சமைக்கவும் பெருக்கவும் மட்டும்தான் என்றாயிற்று.

மூச்சு சார் இதைக் கவனித்தாரா? அவருக்கு எங்கே நேரம்? ஞாயிறு தோறும் பத்துப் பேர் வருவார்கள். குச்சியோடு முன்னால் நடப்பார். இது சுவர், தொட்டுப் பாருங்கள். இது கதவு, சத்தம் வருகிறதா பாருங்கள். இது எழுபத்திரண்டாம் பக்கம். கடைசியில், மணி பத்தை நெருங்கி விருந்தாளிகள் கைக்குட்டையைத் தேடும் வேளையில், குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "நாலு வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல குளிருக்குன்னு நான் ஒரு நாள்கூட ஹீட்டர் போட்டதில்லை!"

கைதட்டுவார்கள். படித்தவர்கள், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்கள், எல்லாரும் வியர்க்க வியர்க்கக் கைதட்டுவார்கள். இந்த ஊரில் எவன் வீட்டில்தான் ஹீட்டர் போட்டான் என்று ஒரு ஆளுக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றியிருக்கும். கேட்டால் பசுமையின் விரோதி ஆகிவிடுவோமே என்று பயம்!

இப்படிக் கைதட்டிய ஒருவர் சிபாரிசில், பசுமைக் கட்டடச் சங்கம் ஒன்று அவர் வீட்டைப் பரிசுக்குப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டது. மூச்சு சாருக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் வருவதற்கு முதல் நாள் வாசலில் நின்று, சங்கத்தின் குழு பார்க்கப்போகும் கோணத்தில் வீட்டைப் பார்த்தார். பார்த்தவர் முகம் சுருங்கியது. கண்ணாடிக்கும் சரிவுக்கும் பக்கத்தில், சம்பந்தமே இல்லாமல் அந்தக் கொட்டகை. உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டார். "நாளைக்குக் குழு வருது. அதுக்குள்ள அந்தக் கண்றாவியை இடிச்சுத் தள்ளுங்க."

மேஸ்திரி கடப்பாரையோடு வந்தபோது அந்த அம்மா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நூற்றெண்பது சட்டை பாக்கி.

"இடிங்க மேஸ்திரி. நான் உள்ளதான் இருக்கேன், பரவால்ல."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க?"

"வேற எப்படிச் சொல்றது? அந்த வீட்டுக்குள்ள உக்காந்து நூத்தி எம்பது சட்டை தைக்கிறதுக்கு, இது என் தலைமேல விழுந்தாலே மேல்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க மெஷினை வேகமாக மிதித்தார். நாலு வருஷமாக அவர் அழுதவர் இல்லை. வியர்வையில் அது தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

மேஸ்திரி கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தார். "சார், இடிச்சா புழுதி பறக்கும். உங்க கண்ணாடியெல்லாம் மண்ணாயிடும். விடிஞ்சா குழு வருது."

இது மூச்சு சாருக்கு உறைத்தது. "அப்ப என்ன பண்றது?"

"பச்சை வலை இருக்கு. மேல போட்டு மூடிடறேன். தூரத்துல இருந்து பார்த்தா புதர் மாதிரி இருக்கும். குழு போனதும் இடிச்சுக்கலாம்."

பச்சை என்ற சொல்லுக்கு அவர் என்றைக்கும் மறுப்புச் சொன்னதில்லை. கொட்டகை வலைக்குள் மறைந்தது. அதனால் உள்ளே இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

குழு காலை ஒன்பது மணிக்கு வர வேண்டும். வழியில் வண்டி பழுதாகி, வந்து இறங்கும்போது பகல் இரண்டே முக்கால். தலைவியாக ஒரு பேராசிரியை, தொந்தி வைத்த ஓர் என்ஜினியர், குறிப்பெடுக்க ஒருவர், ஆக மூன்று பேர். மூச்சு சார் வாசலிலேயே வெளுத்துப்போனார். ஆனாலும் குச்சி கையில் இருந்தது. உள்ளே அழைத்துப் போய் இரட்டைக் கதவையும் சாத்தினார்.

சுவருக்கு வருவதற்குள் பேராசிரியையின் மூக்குக்கண்ணாடி வழுக்கி இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டது. என்ஜினியர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை உதறி, வாயால் ஊதிக்கொண்டார். குறிப்பெடுத்தவரின் நோட்டில் மை கலைந்து ஓடிற்று. ஹீட்டரைப் பற்றிய அந்த அருமையான வாசகத்தை மூச்சு சார் தொடங்கியபோது, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார் என்ஜினியர், கெஞ்சுகிற குரலில்.

பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்ற அந்த அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "வாங்க."

மூன்று பேரும் அவர் பின்னால் போனார்கள். வலையை விலக்கிக்கொண்டு, குனிந்து, கொட்டகைக்குள் நுழைந்து, ஆளுக்கொரு துணிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பானைத் தண்ணீர் குடித்தார்கள். இன்னொரு டம்ளர் குடித்தார்கள். எழுந்திருக்கவில்லை. செங்கல் இடைவெளி வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. என்ஜினியர் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துப் பார்த்தார்.

"அங்க நாப்பத்திரண்டு. இங்க இருபத்தொம்பது! இதை யாரு கட்டினது?"

குழு போயிருக்கும் என்று நினைத்து வலையை அவிழ்க்க வந்த மேஸ்திரி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குச்சி அவரைத் தாண்டி நீண்டது.

"இதுதான் என் ஆராய்ச்சியோட இரண்டாம் கட்டம்," என்றார் மூச்சு சார். "கடைசில காட்டலாம்னு மூடி வச்சிருந்தேன்."

"அப்ப அந்தப் பெரிய வீடு?" என்று கேட்டார் பேராசிரியை.

"அதுவா? எப்படிக் கட்டக் கூடாதுன்னு ஒண்ணு கட்டிக் காட்டினாத்தானே, எப்படிக் கட்டணும்னு புரியும்? ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதைக் கட்டினேன். நாலு வருஷம் நானே அதுல குடியிருந்து அனுபவிச்சேன்." தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து, தியாகி போல மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா மேஸ்திரியைப் பார்த்தார். சிரிப்பதா, அந்தக் கடப்பாரையை எடுப்பதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பரிசு வந்தது. பித்தளைப் பலகையில் அவர் பெயர் வந்தது. அதைச் சுவரில் பதிக்க மேஸ்திரியைத்தான் கூப்பிட்டார். மேஸ்திரியும் வந்து நேராகப் பதித்தார், தான் கோணலான செங்கல்லில் கட்டிய சுவரில். மறு வாரமே மூச்சு சார் டேப்போடு வந்து கொட்டகையை அளந்தார். "மேற்குல மட்டும் ஒரு கண்ணாடி வச்சா, சும்மா அள்ளிக்கிட்டுப் போகும்."

அந்த அம்மா பரிசுப் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார். பரிசு பெற்ற கட்டடத்தில் பத்து வருஷத்துக்கு எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூச்சு சார் படித்தார். டேப் சுருண்டுகொண்டது.

மாற்றம் ஒன்று நடக்கத்தான் செய்தது, அவருக்குத் தெரியாமல். கொட்டகைக் கதவின் உள்பக்கம் மேஸ்திரி ஒரு தாழ்ப்பாள் வைத்துக் கொடுத்தார், காசு வாங்காமல். இப்போதும் ஞாயிறு தோறும் பத்துப் பேர் வருகிறார்கள். மூச்சு சார் குச்சியோடு கொட்டகைக்கு வெளியே, வெயிலில், ஈரத் துண்டுக்கு அடியில் நின்றுகொண்டு, உள்ளே எவ்வளவு குளுமையாக இருக்கும் என்று விளக்குகிறார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. ஏன் கதவு சாத்தியிருக்கிறது என்று யாராவது கேட்டால், "மூன்றாம் கட்டம் நடந்துக்கிட்டிருக்கு" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கூரை சமமானதுதான், கண்ணாடியும் அளவானதுதான் என்ற தைரியம். இருக்கட்டும். வருகிறவர்களை நீங்கள் பெருமையாக அழைத்துப் போய் நிற்க வைக்கும் இடம் எது? நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டார் தாங்களாகப் போய் உட்காரும் இடம் எது? இரண்டும் ஒன்றுதான் என்றால் நல்லது. வேறு வேறு என்றால், சத்தம் போடாமல் அந்த இரண்டாவது இடத்துக்குப் போய்க் கதவை லேசாகத் தள்ளிப் பாருங்கள். திறக்கவில்லையா? முதலில் கையிலிருக்கும் குச்சியைக் கீழே வையுங்கள். அப்புறம் தட்டுங்கள்.