கடிகாரக்காரர் பிடுங்கிய செடி

இதை எனக்கு முதலில் சொன்னது கடிகாரம் பழுது பார்ப்பவரின் மனைவிதான். போன ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும்.

அந்த மனுஷருக்கு ஜன்னலோரம்தான் வேலை மேசை. ஜன்னலுக்கு வெளியே அவள் வைத்த ஊதாப்பூச் செடி. ஒருமுறை வைத்தால் போதும், வருஷா வருஷம் தானே தழைக்கிற ஜாதி. இடுப்பு உயரம் வளர்ந்து, பட்டாம்பூச்சியும் தேனீயுமாக எப்போதும் ஜே ஜே என்றிருக்கும்.

அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கடுகு போன்ற திருகாணியை இடுக்கியால் எடுப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ வந்து கடிகாரத்தின்மேல் உட்காரும். கண்ணாடி வழியாக அது எருமைக் கன்று அளவுக்குத் தெரியும். அவர் அலறுவார். திருகாணி பறக்கும். அப்புறம் இரண்டு பேரும் தரையில் தவழ வேண்டியதுதான்.

"ஜன்னலைச் சாத்திக்குங்களேன்."

"சாத்திட்டு உள்ளே வெந்து சாகவா? ஒண்ணு அந்தச் செடி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

"அதுக்குப் போக வேற இடம் ஏதுங்க?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். "நான் வர்றதுக்குள்ள செடியில கை வச்சீங்க, அவ்வளவுதான்!" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள்.

பஸ் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். கடிகாரக்காரர் இல்லையா? எதையும் பாகம் பாகமாகப் பிரித்தால்தான் அவருக்குத் திருப்தி. செடியைப் பிடுங்கி, வேரை விரல் நீளத்துக்குத் துண்டு போட்டார். தடயம் தெரியக்கூடாதே! கொல்லைச் சுவர் நெடுகப் பள்ளம் வெட்டி, துண்டுகளை ஒரே சீராகப் பரப்பி மூடினார். புது மண் காட்டிக்கொடுத்துவிடும் என்று தண்ணீரும் ஊற்றினார்.

அவள் திரும்பி வந்ததும் முந்திக்கொண்டார். "ஆடு புகுந்து மேஞ்சிடுச்சும்மா."

"வேரோடவா?"

"பசி எடுத்த ஆடு."

"பாவம்," என்றாள். அதோடு சரி. அன்று அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மழை வந்தது. சுவர் நெடுகப் பச்சைப் பசேலென்று முளை. ஜன்னலடியில் மிச்சமிருந்த வேரும் மறுபடி துளிர்த்துவிட்டது.

"ஏங்க, இங்க வாங்களேன். உங்க ஆடு வரிசை பிடிச்சு நட்டு, தண்ணியும் ஊத்திட்டுப் போயிருக்கு!"

அவர் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வேரைத் துண்டு போட்டு நட்டுக் குடுங்கன்னு ரெண்டு வருஷமா கெஞ்சினேன். முதுகு வலின்னீங்க. கை வைக்காதீங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், வலி பறந்துடுச்சு! வாசப்பக்கம் இன்னும் காலியாத்தான் கிடக்கு. அடுத்த மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டுமா?"

இப்போது அவர் கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் திருகாணி மாட்டுகிறார். கடிகாரம் கொடுக்கப் போனால், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.