மிதவைக்குத் தோல் சட்டை

திரவத்தை ஊற்றிக்கொண்டே போனால் டேங்க் நிரம்பும், நிரம்பின பிறகும் ஊற்றினால் வழியும் என்கிற உண்மை 1978ஆம் வருஷம் மார்ச் மாதம் அரசாங்கத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. வந்த கையோடு வேலூரில் திரவ மட்டப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்து, ஒரு அதிகாரி, இரண்டு குமாஸ்தா, ஒரு ஜீப், ஜீப்பைத் தள்ள ஒரு பியூன் என்று நியமித்தார்கள்.

இதே உண்மை ஆம்பூரில் அப்துல் கஃபார் சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் இருந்த கிருபானந்தத்துக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். அவர் வேலையே அதுதான். டேனரிக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் மீன் எண்ணெய் டேங்க். காய்ந்த தோலை மெத்தென்று ஆக்க அந்த எண்ணெயைத்தான் ஊட்டுவார்கள். மங்களூரிலிருந்து லாரி வந்து பம்பு போட்டதும் கிருபானந்தம் ஏணியில் ஏறுவார், மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டு மட்டம் பார்ப்பார், எண்ணெய் டேங்கின் கழுத்துக்கு வந்ததும் கீழே பம்படியில் நிற்பவனைப் பார்த்து "போதும் பாஷா, கட் பண்ணு!" என்று கத்துவார். ஒரு சொட்டு வழிந்ததில்லை. வழியாத காரணத்தால் அப்படி ஒரு மனுஷன் இருப்பதே ஆபீசில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தெரியவைத்தது சுற்றறிக்கைதான். "பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட டேங்க் ஒவ்வொன்றிலும் இயந்திர வகை மட்ட அலாரம் ஒன்று பொருத்தப்படல் வேண்டும். அலாரத்துக்குச் சான்று வழங்கிய தொண்ணூறாம் நாள் காலை பத்து மணிக்கு, மட்டம் பார்க்கும் மனிதப் பணியிடம் தானாகவே ரத்தாகும்."

மகள் லில்லி நர்சிங் இரண்டாம் வருஷம். மனைவி மரியம்மாள் சுற்றறிக்கையை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மனிதப் பணியிடம்னா நீதானா?" என்றாள்.

"நான்தான். இத்தினி நாளு எனக்கே தெரியாது."

அலாரம் வந்தது. குண்டான் மாதிரி ஒரு மிதவை. எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், அதன் கம்பி ஒரு நெம்புகோலைத் தட்டும், சுவிட்ச் விழும், வெளியே சிவப்பு மணி அடிக்கும். கரண்ட் இருந்தால்.

சான்று கொடுக்க அதிகாரி சத்தியநாதன் வந்தார். "அலாரம் அடிச்சாதான் சான்று" என்றார்.

"டேங்க் ரொம்பினாதான் சார் அடிக்கும். எண்ணெய் ஏத்தட்டுமா?" என்று கேட்டார் மேனேஜர் ஜெயகரன்.

"சான்று இல்லாத டேங்க்ல எண்ணெய் ஏத்தறது குற்றம்."

"அப்போ எப்படி சார் அடிக்கும்?"

"அதைத்தானே நான் உங்களைக் கேக்கறேன்?"

டீ வந்தது. இன்னொரு டீயும் வந்தது. கிருபானந்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறி, உள்ளே கைவிட்டு மிதவையைத் தூக்கினார். மணி அலறியது. அதிகாரி முகம் மலர்ந்து, "மனித உதவி ஏதுமின்றித் தானாகவே அடித்தது" என்று எழுதினார்.

"மேல யாரோ இருக்கற மாதிரி தெரியுதே?"

"யாருமில்ல சார்" என்றார் ஜெயகரன். மேலேயிருந்து கிருபானந்தமும் யாருமில்லை என்று தலையாட்டினார்.

போகும்போது சத்தியநாதன் விதிகளை விளக்கினார். மணி ஒருமுறை அடித்தால் அது ஒரு அபாய நிகழ்வு; ஐந்து பிரதியில் அறிக்கை அனுப்பவேண்டும். மூன்று நிகழ்வு ஆனால் லைசென்ஸ் போய்விடும்.

"அடிக்கவே அடிக்கலைன்னா?"

"கேடயம்."

கேடயம் என்ற சொல் அன்று சாயங்காலமே பேரணாம்பட்டு வரைக்கும் போய்விட்டது. ஒரு மாசத்துக்குள் அலாரம் இல்லாத டேனரி டேனரியே இல்லை என்றாகிவிட்டது. டேங்க் இல்லாதவர்கள் வெறும் மணியை வாங்கி வாசல் கேட்டில் மாட்டினார்கள். பெண் கேட்டுப் போகிற இடத்தில் "மாப்பிள்ளை வீட்ல சைரனா, மணியா?" என்று விசாரித்தார்கள். ஒருத்தர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கே வைத்துக்கொண்டு, விருந்தாளி வந்தால் தொட்டியை நிரப்பச் சொன்னார்.

கஃபார் சாயபுவால் இதைத் தாங்க முடியவில்லை. நம்ம அலாரத்தில் தனியாக ஏதாவது இருக்கவேண்டும். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு: டேனரிக்குள் புதுசாக எது வந்தாலும் தோல் சட்டை தைத்துப் போட்டுவிடுவார். டெலிபோன், டைப்ரைட்டர், டிரான்சிஸ்டர், தண்ணீர்க் கூஜா எல்லாம் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். தையல் மேஸ்திரியைக் கூப்பிட்டு மிதவைக்கு அளவெடுக்கச் சொன்னார்.

"அது உள்ள கெடக்கற சாமான். யாரு மொதலாளி பாக்கப்போறாங்க?" என்றார் ஜெயகரன்.

"எனக்குத் தெரியுமே பா! நம்ம ஷாப்ல ஒரு பொருள் அம்மணமா தொங்கறது எனக்குப் பேஜாரா இருக்காதா?"

ஏற்றுமதிக்கு வைத்திருந்த முதல் தர ஆட்டுத்தோலில், இரட்டைத் தையல் போட்டு, நான்கு பித்தளைப் பொத்தான் வைத்துச் சட்டை தயாரானது. தோலுக்கு மீன் எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தே மூன்று தலைமுறையாகச் சோறு தின்கிற ஊர் அது. மீன் எண்ணெயில் மிதக்கவேண்டிய சாமானுக்குத் தோலில் சட்டை போடலாமா என்று அந்த ஊரில் ஒரு ஆள் கேட்கவில்லை. பொத்தான் போட்டுவிட்டதே கிருபானந்தம்தான்.

பத்து நாள் கழித்து மூடியைத் திறந்து பார்த்தார். சட்டை வயிறுமுட்டக் குடித்துவிட்டு, மிதவையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு எண்ணெய்க்கு அடியில் தொங்கியது. நேராக ஜெயகரனிடம் ஓடினார்.

"சார், மிதவ முழுகிடுச்சு. இனிமே டேங்க் ரொம்பினாலும் மணி அடிக்காது."

"அடிக்கவே அடிக்காதா?"

"அடிக்காது சார்."

"மெதுவா பேசு பா. கேடயம் நமக்குத்தான்."

"நான் இருக்கறவரைக்கும் கத்திடுவேன் சார். நான் போன பின்ன?"

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். ஜெயகரன் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ரத்தாகப்போற போஸ்ட்லேர்ந்து லெட்டர் வாங்கினா ஆடிட்ல மாட்டிக்குவேன். ரத்தானப்புறம் எழுதினா நீ யாருன்னு கேப்பாங்க. எப்படிப் பாத்தாலும் கஷ்டம்தான்."

தொண்ணூறாம் நாள் கேடயம் வழங்கும் விழா. போட்டோவில் டேங்க் விழவேண்டும் என்பதால் டேங்கடியிலேயே பந்தல். மங்களூர் லாரியும் வந்து நின்றது. அலாரத்தின் பெருமையைப் பொதுமக்கள் நேரில் காண, விழா நடக்கும்போதே எண்ணெய் ஏற்றவேண்டும் என்பது அதிகாரியின் விருப்பம். பத்து மணிக்கு ஜெயகரன் கடிகாரத்தைப் பார்த்து, கிருபானந்தத்திடம் கை குலுக்கி, கேட் வரைக்கும் கூட வந்து வெளியே விட்டார்.

கிருபானந்தம் டிபன் பாக்ஸோடு கேட்டுக்கு வெளியே நின்றார். போக மனசில்லை. உள்ளே மைக்கில் சத்தியநாதன் பேசிக்கொண்டிருந்தார். "இந்த அலாரம் தொண்ணூறு நாளில் ஒருமுறைகூட அடித்ததில்லை. இதைவிடச் சிறந்த அலாரத்தை உலகம் இனிமேல்தான் செய்யவேண்டும்!"

கைதட்டலுக்கு நடுவில் பம்பின் சத்தம் மாறியது. முக்கலும் முனகலுமாக ஒரு சத்தம். அது எதற்கு வரும் என்று அந்த ஊரில் ஒரே ஒரு காதுக்குத்தான் தெரியும். கிருபானந்தம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார். "கட் பண்ணு பாஷா! ரொம்பிடுச்சு!"

பம்பு போட்ட கவுஸ் பாஷா திரும்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான்: "நீதான் டூட்டில இல்லியே பா!"

எண்ணெய் இறங்கியது. முதலில் பந்தல், பிறகு மாலைகள், கேடயம், கேடயத்தை நீட்டிய அதிகாரி, வாங்கக் கை நீட்டிய முதலாளி. கிருபானந்தம் உள்ளே ஓடிப்போய்த் தானே பம்பை நிறுத்தும்போது சத்தியநாதனின் மூக்குக்கண்ணாடி வழியாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் வேலூரில் விசாரணை. நாலு நாள் குளித்தும் மீன் நாற்றம் போகாமல் யாரையும் பஸ்ஸில் ஏற்றவில்லை. விசாரணை அறையிலும் எல்லோரும் ஜன்னலோரமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"மணி அடித்தால்தான் நிகழ்வு" என்று ஆரம்பித்தார் சத்தியநாதன். "மணி அடிக்கவில்லை. எனவே நிகழ்வு ஏதும் நிகழவில்லை."

"சார், நீங்களே நனஞ்சீங்களே?" என்றார் கிருபானந்தம்.

"அது நான் தனிப்பட்ட முறையில் நனைந்தது." அதிகாரி பைலைப் புரட்டினார். "ஆனா ஒரு சத்தம் கேட்டதா இருநூறு பேர் சொல்றாங்க. எண்ணெய் வழியறதுக்கு முன்னாடி. சத்தம் குடுத்தது எது?"

"நான்தான் சார்."

"அப்போ உங்க பதவி?"

"பத்து மணிக்கே ரத்து சார்."

"ஆக, மனிதப் பணியிடம் இல்லை. மட்டம் ஏறியதும் சத்தம் கொடுத்திருக்கிறது. கரண்டும் செலவாகவில்லை." சத்தியநாதன் எழுதிக்கொண்டே போனார். "மாற்று அலாரம், இயந்திர வகை, ஒன்று."

"சார், நான் மனுஷன்."

ஜெயகரன் கிருபானந்தத்தின் காதில் குனிந்தார். "வாய மூடு பா. மனுஷன்னா வேல இல்ல."

கிருபானந்தத்துக்கு லில்லியின் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. "மெக்கானிக்கல்தான் சார்" என்றார்.

வேலை நிலைத்தது. கழுத்தில் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை மாட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வேலூருக்குப் போய் அதிகாரி முன்னால் கத்திக் காட்டவேண்டும்.

"லீவு உண்டா?" என்று மரியம்மாள் கேட்டாள்.

"மெஷினுக்கு இன்னா லீவு?" என்றார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுவருஷம் கத்திக் காட்டப் போனபோது அலுவலக வாசலில் கூட்டம். மற்ற டேனரிகளும் மணிகளைக் கழற்றிவிட்டு இந்த மாடல்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் படித்துவிட்டு சும்மா இருந்தவர்கள் எல்லோரும் அலாரமாகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பத்தோடு நின்றார்கள். முன்னால் நின்றவன் ஜெயகரனின் மச்சான்.

"அண்ணே, பி.எஸ்சி. பிசிக்ஸ்னு போடலாமா?"

"போடாத தம்பி. சந்தேகம் வந்துடும்."

அவன் எழுதியிருந்த பட்டத்தைக் கோடு போட்டு அடித்தான். படிவத்தில் பெயர் என்கிற கட்டமே இல்லை. எண்ணிக்கை என்று இருந்த இடத்தில் 'ஒன்று' என்று எழுதிவிட்டுக் கீழே கையெழுத்துப் போடக் குனிந்தான். கவுண்டரில் இருந்த குமாஸ்தா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டான். "இன்னாய்யா இது? கருவி எங்கனா கையெழுத்துப் போடுமா?"

பின்னால் நின்ற இருநூறு பட்டதாரிகளும் சத்தம் போடாமல் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.