எனக்காகக் கேட்கவில்லை

செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு. எங்கள் ஹாக்ஸ்பெக் கிளினிக்கின் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். கிளினிக்கை வடக்குச் சுகாதார வட்டாரத்திலிருந்து எடுத்துத் தெற்கு வட்டாரத்தோடு சேர்க்க யோசனை இருக்கிறது, ஊர்மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அதில் இருந்தது. கட்டடம் நகராது, டாக்டரும் அதே டாக்டர்தான். நமக்காகப் பணம் கட்டுவது யார், நம்மை எந்தப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், நோயாளிகளை ஏற்றிப்போகும் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பவைதாம் மாறும். ஒன்பது மணிக்குள், இந்த விஷயத்தில் யாருக்காகக் கவலைப்படுவது என்பதை நைஜல் ஆட்டர்பர்ன் முடிவு செய்துவிட்டார்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிறருக்காகப் பேசுகிறவர். தனக்கென்று இந்த உலகத்தில் ஒன்றுமே வேண்டாதவர். கடையில் ரொட்டி காய்ந்திருந்தால், எனக்குப் பரவாயில்லை, பல் போனவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பார். பூங்காவின் பெஞ்சுக்கு நீலச்சாயம் அடித்தால், எனக்கு நீலம் பிடிக்கும், ஆனால் மனம் சோர்ந்தவர்கள் அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பார். தேநீர்க்கடையில் பாட்டுச் சத்தம் அதிகமென்றால் கைக்குழந்தைகளுக்காகவும், குறைவென்றால் காது மந்தமானவர்களுக்காகவும், தேநீர் ஆறிப்போயிருந்தால் மொத்த மனித குலத்துக்காகவும் எழுந்து நிற்பார். எழுந்து நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. முன்நாற்காலியின் முதுகைப் பிடிப்பார், கண்ணாடியைக் கழற்றுவார், தொண்டையைச் செருமுவார். பிறகு அந்த முதல் வாக்கியம்.

"நான் எனக்காகக் கேக்கல."

கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. பனி கொட்டினால் கேட்காமலே பக்கத்து வீட்டு வாசலிலிருந்து தள்ளிக்கொடுப்பார். தள்ளிய பனியை எங்கே குவித்தால் அந்த வீட்டாருக்குப் பிடிக்கும் என்பதையும் அவரே தீர்மானிப்பார். அவர்கள் கார் அதற்குப் பின்னால் நின்றால் அது காரின் தவறு.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நைஜலின் பெயர் எங்கள் கிளினிக்கிலேயே கிடையாது. அவருக்கு நகரத்தில் தனியார் டாக்டர்.

என் அண்ணன் ராய் ரடாக்கின் பெயர் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வடக்கு வட்டாரத்தின் வண்டி வடக்கு மருத்துவமனைக்குத்தான் போகும். விடியுமுன் வந்து ஏற்றிக்கொண்டு, மலைச்சாலையில் மூன்று ஊர்களைச் சுற்றி, இன்னும் நான்கு நோயாளிகளைப் பொறுக்கிக்கொண்டு போய், அதேபோல் சுற்றித் திரும்பும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் முழுக்கத் தூக்கம். தெற்கு மருத்துவமனையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை அறிவிப்பைப் பற்றி நான் போய்ச் சொன்னதும் ராய் எழுந்து உட்கார்ந்தார்.

"டேய், தெற்குன்னா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்டா!"

"வந்து என்ன கிழிக்கப் போறீங்களாம்?" என்றார் எனிட் அண்ணி.

"ஒண்ணும் கிழிக்க மாட்டேன். அதுதான் எனக்கு வேணும். சும்மா உக்காந்து ஒரு மத்தியானம் முழுக்க நீ திட்டுறதக் கேக்கணும்."

"அதுக்கு மத்தியானம் ஒண்ணு போதாது."

அண்ணன் கேட்டது அவ்வளவுதான். மத்தியானங்கள்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தைத் தேவாலயக் கூடத்தில் புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் நைஜல். உடம்பு முடியாதவர்களுக்குப் பகல்நேரம்தான் தோது என்றார். புதன் ராயின் மருத்துவமனை நாள். கூட்டம் தொடங்கியபோது உடம்பு முடியாதவர் இயந்திரத்தோடு இணைந்திருந்தார். நானும் அண்ணியும் போனோம்.

வட்டாரத்திலிருந்து பிரையனி காஸ் என்ற அதிகாரி வந்திருந்தார். இளம்பெண், பொறுமைசாலி. எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. ஒருவர் எழுந்து, தனக்காக அல்ல, கர்ப்பிணிகளுக்காக என்றார். அடுத்தவர் தனக்காக அல்ல, கர்ப்பிணிகளின் கணவர்களுக்காக என்றார். பிஸ்கட் தட்டைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள்கூட நின்று, தனக்காக இல்லை, இங்கே புதிதாகக் குடிவரப் போகிறவர்களுக்காக என்று தொடங்கினார். 'எனக்காக' என்று வாக்கியத்தை ஆரம்பிப்பது எங்கள் ஊரில் அடுத்தவர் தட்டிலிருந்து கேக்கை எடுப்பதற்குச் சமம்.

பிரையனி கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்.

"இந்த மாற்றத்தால நேரடியா பாதிக்கப்படுறவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அப்படிப்பட்டவர்கள் எப்படி இருப்பார்கள் என்ற ஆவலோடு. எனிட் அண்ணி தேநீர்க் கோப்பையைப் பிடித்த கையையே கொஞ்சம் உயர்த்தினார். நாற்காலியின் முதுகு பிடிக்கப்பட்டது. கண்ணாடி கழன்றது.

"அவங்களால வர முடியலையேம்மா, பிரச்சனையே அதானே! கார் இல்ல, உடம்பு முடியல. யாராவது அவங்களுக்காகப் பேச வேணாமா?"

"நைஜல், நான் ஒரு வார்த்தை..." என்றார் அண்ணி.

"நீங்க உக்காருங்க எனிட், உங்களுக்காகத்தானே பேசிட்டிருக்கேன். எனிட் சொல்ல வர்றது என்னன்னா, வயசான காலத்துல பழகின மருத்துவமனைய மாத்தினா மனசு தாங்காது. சரிதானே எனிட்?"

நாற்பது முகங்கள் அண்ணியைப் பார்த்தன. ஒரு மனிதரிடம் அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்லுவதா?

"நன்றி நைஜல்" என்றார் அண்ணி.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சம்மதம் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. ஆனால் பிரையனி வெளியூர்.

நான் எழுந்தேன். "அவங்க சொல்ல வந்தது அது இல்லங்க. என் அண்ணன் தெற்குக்குப் போகணும்னு..."

"நீங்க உங்களுக்காகப் பேசுறீங்களா?" என்றார் பிரையனி.

"இல்ல. அண்ணனுக்காக."

"பாத்தீங்களா, இவரும் அடுத்தவங்களுக்காகத்தான் பேசுறாரு!" என்று நைஜல் கைதட்டினார். கூடமே சேர்ந்து தட்டியது. என்னைப் போற்றித்தான் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது போயே போயிற்று.

முடிவு என்ன என்கிறீர்களா? பாதிக்கப்படுகிறவர்களின் குரல் கூட்டத்தில் கேட்கவில்லை என்று கண்டறியப்பட்டது. அந்தக் குரலைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை மாற்றத்தைத் தள்ளிவைத்தார்கள். தேடும் பொறுப்பை நைஜல் மிகுந்த தயக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். கோடை முழுவதும் தேடினார். அண்ணன் வீட்டு வாசல் வழியாக நாயோடு தினமும் போனார். திங்கள், புதன், வெள்ளிகளில் ராய் வீட்டில் இருக்கமாட்டார். மற்ற நாட்களில் தூங்குவார். தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்ற பண்பு நைஜலுக்கு உண்டு.

அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் வண்டியிலேயே ராயின் இதயம் நின்றுவிட்டது. மலைச்சாலையில், இரண்டாவது ஊருக்கும் மூன்றாவது ஊருக்கும் நடுவில். தெற்குக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. வண்டியில் இருந்திருக்கமாட்டார், அவ்வளவே.

அடக்கம் முடிந்து தேநீருக்குக் கூடியிருந்தபோது, யாரும் கேட்காமல், நைஜல் குடும்பத்தின் சார்பில் நன்றி சொன்னார். நன்றாகவே பேசினார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. போகிற போக்கில், "ராய் கடைசி வரைக்கும் வடக்க விட்டுக்கொடுக்காத மனுஷன்" என்றார்.

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நைஜல், உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் அது புதிது.

"என் வீட்டுக்காரருக்குத் தெற்குதான் வேணும். அவர் என்கிட்ட சொன்னாரு. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், நீங்க விடல. எனக்கும் அதுதான் வேணும். எனக்கு. எனக்காகத்தான் கேக்குறேன்."

இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். துக்கம் தலைக்கேறிவிட்டது, பாவம் என்று ஒருவர் முணுமுணுத்தார். நைஜல் மெல்ல எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளா இந்தக் குரலத்தான் தேடிட்டிருந்தேன் எனிட்."

மறுவாரமே வட்டார அலுவலகத்துக்குப் போய் அண்ணியின் சார்பில் பேசினார். இந்த முறை சரியாகவே பேசினாராம். புத்தாண்டு பிறந்ததும் கிளினிக் தெற்கு வட்டாரத்தோடு சேர்ந்துவிட்டது. யாருக்காகப் போராடி வாங்கிக் கொடுத்தார் என்பதை நைஜல் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். இப்போது வண்டி பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு மத்தியானமே திரும்புகிறது. யாரோ இறங்கி வீட்டுக்குள் போகிறார்கள். நல்ல விஷயம்தான்.

இதுவரை படித்துவிட்டீர்கள். உங்களுக்கு நைஜலைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும், கொஞ்சம் கோபமும் வந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். படிக்கும்போது நடுவில் எங்காவது, 'இதை அவர் கட்டாயம் படிக்க வேண்டும்' என்று ஒரு முகம் உங்களுக்கு நினைவு வந்ததா? உங்களுக்காக இல்லை, அவருடைய நன்மைக்காக? வந்திருந்தால், நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள்.

அண்ணன் தோட்டத்துக் கொட்டகைக்குப் புதுக் கதவு ஒன்று செய்துகொண்டிருந்தார். மேல் கீலைப் பூட்டியிருக்கிறார். கீழ்க் கீல் இன்னும் பூட்டப்படவில்லை.