முப்பது அங்குலத் தலை

1941-ஆம் வருஷம், தர்மபுரித் தாலுகா ஜனங்களின் தலைக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சர்க்கார் திருவுளம் கொண்டது. மண்டையைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே யந்திரம் சீமையிலிருந்து வந்து இறங்கிற்று. படம் பிடிக்கையில் தலை ஆடக்கூடாது. அதைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு வளையத்தை மட்டும் உள்ளூரிலேயே செய்துகொள்ளும்படி உத்தரவு.

வளையத்துக்கு அளவு வேண்டுமே! ஐந்து அதிகாரிகள் கமிட்டி கூடினார்கள். குடியானவன் தலையைத் தொட்டு அளப்பது பதவிக்கு இழுக்கு. ஆகவே தங்கள் தலைகளையே அளந்தார்கள். கச்சேரி நேரத்தில் தலைப்பாகையைக் கழற்றுவது சர்க்காருக்கு அவமரியாதை. ஆகவே அதன் மேலேயே அளந்தார்கள். முப்பது அங்குலம் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

வத்தல்மலைச் சின்னக்கா தன் புருஷன் காளியனைத் தூளி கட்டி, அண்ணன்மார் தூக்கிவர தர்மபுரி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தாள். புளியமரத்திலிருந்து விழுந்து ஒன்பது நாள். ஓயாத வாந்தி, ஒரு கண் மங்கிவிட்டது. மண்டைப் படம் இல்லாமல் சேலத்து டாக்டர் கத்தியைத் தொட மாட்டார்.

கம்பவுண்டர் பச்சியப்பன் காளியனின் தலையை வளையத்துக்குள் வைத்தார். அது உரலில் போட்ட நெல்லிக்காய் மாதிரி உருண்டது. படத்தில் புகைதான் விழுந்தது.

வளையத்தைச் செய்வித்த இன்ஜினியர் தீர்த்தகிரி வந்து சோதித்தார்.

"வளையம் சரி. தலைதான் அளவுக்குக் குறைவு."

"ஏனுங்க, தலையைப் பெருசு பண்ண முடியுமுங்களா?" என்றாள் சின்னக்கா.

"சர்க்காரால் முடியும்."

மறுநாள் சரிகை போட்ட தலைப்பாகை ஒன்று வந்தது. அதைச் சுற்றியதும் காளியன் தலை கச்சிதமாகப் பொருந்திற்று. படத்தில் பளிச்சென்று பதினோரு கோடுகள்.

"பதினோரு விரிசல்!" என்றார் இன்ஜினியர்.

"அது சரிகைங்க. வரிவரியா தெரியுது பாருங்க" என்றாள் சின்னக்கா.

"சர்க்கார் தலைப்பாகையில் குற்றம் சொல்கிறாயா? அதைச் சுற்றி என் தலையை வைத்தே காட்டுகிறேன்!"

வைத்தார். அவருக்கும் பதினொன்று. நியாயம் நியாயம்தானே? தமக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கமிட்டி முழுவதற்கும் பதினொன்று. அப்புறம் வக்கீல், மண்டிக்காரர், நிலவரி வாங்கும் மிட்டாதார் எல்லோரும் வரிசை கட்டினார்கள். பதினோரு கோடு இல்லாத மாப்பிள்ளைக்குப் பாலக்கோட்டில் பெண் கொடுக்க மறுத்தார்களாம். சேலத்து டாக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டு வருவதுதான் கௌரவம் என்றும் ஆயிற்று.

யந்திரம் ஒழியாமல் காளியன் மூன்று நாள் தாழ்வாரத்திலேயே கிடந்தான். நாலாம் நாள், பெரிய மனிதர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, "அந்த எழவெடுத்த பாகையை எடுங்கண்ணா" என்றாள் சின்னக்கா பச்சியப்பனிடம். விறகுக் கட்டுக்குச் சும்மாடு கூட்டும் தன் துணியைச் சுருட்டி வளையத்துக்குள் திணித்தாள். தலை அசையவில்லை. படம் தெளிவாக விழுந்தது. இடப்பக்கம் ஒரே ஒரு விரிசல்.

சேலத்தில் டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒன்றுதானா? பதினொன்று உள்ளவர்களே காத்திருக்கிறார்கள். கடைசியில் போய் நில்."

"அவங்க பதினொண்ணும் துணியில இருக்குதுங்க சாமி. இவருக்கு இருக்கறது மண்டையில இருக்குது!"

தூளியில் காளியனுக்குக் கண் செருகிற்று. வரிசையில் நின்ற வக்கீலும் வாத்தியாரும் பட்டதாரிகளும் அவள் சொன்னதைக் கேட்கத்தான் கேட்டார்கள். உடனே ஆளுக்கு ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பதினொன்றும் பத்திரமாக இருக்கிறதா என்று எண்ணத் தொடங்கினார்கள்.