துரையிடம் அடுப்பு வேலை கேட்டவர்

பெங்களூரில் ஒரு நெருப்பைப் பார்த்து நாள் தவறாமல் திட்டிய மனிதர், எனக்குத் தெரிந்து, ஃபிளேர் நைனா ஒருவர்தான்.

ஆனேக்கல் பக்கம் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் லாக் புத்தகம் எழுதினேன். நைனா ஃபிட்டர். கோலார் தங்கவயல் மூடும்வரை சுரங்கத்தில் இருந்துவிட்டு, நெஞ்சு நிறையக் கல்தூசியோடு மேலே வந்தவர். எங்கள் கசடுத் தொட்டியில் கிளம்பும் எரிவாயுவை ஒரு குழாயின் உச்சியில் இரவும் பகலும் கொளுத்திவிடுவோம். அதுதான் ஃபிளேர். காலை ஷிஃப்டுக்கு வந்ததும் நைனா அதற்கு ஒரு சலாம் வைப்பார்.

"குட்மார்னிங் துரை! இன்னைக்கும் சும்மாதான் நிக்கப் போறீங்களா?"

உயரத்தில் நின்றுகொண்டு, நிறையத் தின்றுவிட்டு, ஒரு வேலையும் செய்யாத எதுவும் அவருக்குத் துரைதான்.

வாயுவை அப்படியே காற்றில் விடுவதைவிட எரிப்பது கேடு குறைவு என்பார்கள் பொறியாளர்கள். சரிதான். ஆனால் நூறடி தள்ளி, கேன்டீனில் பிலோமினா அக்கா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய இருமல் கேட்டால் நைனாவின் கை ஸ்பேனரோடு நின்றுவிடும்.

"இந்த இருமல் எனக்குத் தெரியும் சார். எங்க மைன்ஸ் லைன்ல வீட்டுக்கு வீடு கேட்டது. மருந்தெல்லாம் ஒண்ணியும் பண்ணாது. புகைய நிறுத்தணும்."

வாயுவைக் கேன்டீனுக்குத் திருப்பச் சொல்லி மனு மேல் மனு போட்டார். டெண்டரில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. மேலதிகாரி வந்த ஒரு திங்கட்கிழமை, நைனா ஏணியில் நின்று, நீண்ட கம்பியின் நுனியில் ஒரு தகர டப்பாவைக் கட்டி ஃபிளேருக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்ரீ இது?" என்று கன்னடத்தில் அலறினார் அதிகாரி.

"முட்டை வேகுது சார். இத்தினி வருஷமா வானம்தான் வெந்துச்சு."

அதிகாரி சிரித்துவிட்டார். நைனாவுக்கு மெமோ வந்தது. பின்னாலேயே குழாய்க்கு அனுமதியும் வந்தது. கரிக்கட்டையாகிவிட்ட முட்டையை நைனா விடாமல் தின்று தீர்த்தார்.

குழாய் போட்டு, கசிவு பார்த்து, ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்தது. திறப்பு விழாவரை யாரும் தொடக் கூடாதென்று வால்வில் பூட்டுப் போட்டு சீல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வர வேண்டிய பிரமுகர் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. பிறகு ஆஷாடம் பிறந்தது. அந்த மாதத்தில் நல்ல காரியம் வேண்டாம் என்றார்கள். அக்கா விறகையே ஊதினார்.

"நைனா, சுத்தியால ஒரு அடி. பூட்டு போயிடும்" என்றேன்.

அவர் மிரண்டுபோனார். "சீல் வெச்ச வால்வத் தொடறதா? கீழ ஆள் இருப்பான் சார்!"

"இங்க ஏது நைனா கீழ?"

சுரங்கத்தில் அடுத்தவன் வைத்த சீலை உடைத்தால் எங்கோ ஒருவன் சாவான். துரையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுகிற அந்த மனிதரின் கை மட்டும் சீலுக்குப் பக்கத்தில் போகவில்லை.

"விடுங்க நைனா" என்று அக்காவே சமாதானம் சொன்னார். "இவ்ளோ நாள் ஊதினேன், இன்னும் கொஞ்சம் ஊத மாட்டனா? உங்க துரை எங்க ஓடிறப் போறாரு?"

ஆஷாடத்தின் கடைசி வாரம் அக்கா அடுப்படியிலேயே சாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. ஆஷாடம் முடிந்து வியாழக்கிழமை ரிப்பன் வெட்டினார்கள். அடுப்பில் நீலச் சுடர் புகையில்லாமல் எரிந்தது. எல்லோரும் கைதட்டினோம். நைனா தட்டவில்லை.

"உடைச்சிருக்கலாம் சார்" என்றார்.

மறுநாள், புது ஆள் வரும்வரை சமையலைத் தானே பார்ப்பதாகச் சொல்லிக் கரண்டியை எடுத்தார். அவருக்குச் சமைக்கத் தெரியாது. உப்புமா சிமென்ட் போல இறுகியிருந்தது. உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் துளிகூட மிச்சம் வைக்கவில்லை. நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.