வால் ஆடாத பயணம்

"ஆடுது," என்றாள் மனைவி.

"ஆடலை," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஏங்க, ஆடுதுங்க!"

"ரோடு ஆடுது. அதுக்கு நான் என்ன பண்றது?"

ரோடு ஆடவில்லை. ஜீப்பின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு வந்த டிரெய்லர்தான் ஆடியது. ஒரு பஸ் அவர்களை முந்திக்கொண்டு போன காற்றில், அது முதலில் இடது பக்கம் லேசாக ஒதுங்கிப் பார்த்தது. பிறகு வலது பக்கம். அப்புறம் அதற்கே அந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, அது இடது போனால் ஸ்டீரிங்கை வலது பக்கமும், வலது போனால் இடது பக்கமுமாக ஒடித்தார். ஒடிக்க ஒடிக்க ஆட்டம் கூடியது. கடைசியில் பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். டிரெய்லர் ஜீப்பின் முதுகில் ஒரு மொத்து மொத்திவிட்டு, ரோட்டோர மண்ணில் கோணலாக நின்றது.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இறுக மூடியிருந்த கண்களில் ஒன்றை மட்டும் திறந்தாள்.

"நூத்துக்குப் பன்னண்டு," என்றாள்.

அந்த டிரெய்லர் காடு மேடெல்லாம் போவதற்கென்றே செய்தது. உயரமான சக்கரங்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில். பின்பக்கம் இழுத்தால் வெளியே வரும் அடுப்பு மேடை, அதற்கடியில் தண்ணீர்த் தொட்டி. பகலெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவர் இருமலைக் கேட்டே பாதி ஆயுள் போன மனிதர் அவர். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிகிற ஓர் அறையில், மனைவிக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் வாங்கினார். மனைவிக்கு டீ பிடிக்கும், ஏரியும் பிடிக்கும், அவரையும் பிடிக்கும். டிரெய்லர்தான் பிடிக்கவில்லை.

முதல் தடவை தெருமுனை வரை போய் வந்ததற்கே அவள் பயந்துபோய்விட்டாள். அதனால் இந்தப் பயணத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினாள். ஏரிக்கரை முகாமுக்குப் போய்ச் சேர்வதற்குள் டிரெய்லரை ஆடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டினால், அதை விற்கச் சொல்லி இனி வாயே திறக்க மாட்டாள். காட்டாவிட்டால், ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு வக்கீலுக்குக் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"இது கணக்குல சேராது. பஸ் வந்ததால ஆடுச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஏரி வரைக்கும் பஸ்ஸே வராதா?"

அவர் மச்சினனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி. டிரெய்லர் என்ன, ஒரு தள்ளுவண்டியைக்கூட இழுத்ததில்லை. ஆனால் டிரெய்லர் பற்றி உலகத்தில் வந்த வீடியோ அத்தனையும் பார்த்தவன்.

"அத்தான், பின்பக்கம் கனம் கூடிப்போச்சு. வால் கனமா இருந்தா அது ஆடத்தான் செய்யும். சாமானை எல்லாம் முன்னாடி ஏத்துங்க."

"எவ்வளவு?"

"நிறைய."

மருந்துக்கடையில் யாராவது அப்படி அளவு சொன்னால் சீட்டைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியிருப்பார். பதற்றத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. தண்ணீர்க் கேன், கூடாரம், மடக்கு நாற்காலி, கருவிப் பெட்டி, இரண்டு போர்வை மூட்டை எல்லாவற்றையும் டிரெய்லரின் மூக்கில் கொண்டுபோய் அடைத்தார்.

இப்போது டிரெய்லர் ஆடவில்லை. மூக்குக் கனம் ஜீப்பின் பின்பக்கத்தை அமுக்க, ஜீப்பின் முன்பக்கம் அண்ணாந்துவிட்டது. முன்சக்கரங்கள் ரோட்டில் பட்டும் படாமலும் ஓடின. ஸ்டீரிங்கைத் திருப்பினால், ஜீப் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திரும்பியது. மேகம் கறுத்திருந்ததால் போட்ட ஹெட்லைட், மரக்கிளைகளில் இருந்த காக்கைகளை எழுப்பிவிட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வைதார்கள்.

"யோவ், லைட்டை இறக்குய்யா!" என்று ஒரு லாரிக்காரர் கத்தினார்.

"லைட் இறங்கித்தான் இருக்கு, வண்டிதான் ஏறியிருக்கு!" என்று இவர் பதிலுக்குக் கத்தினார்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி நிறுத்தினார். மறுபடி மச்சினன்.

"அப்ப மூக்குல கனம் கூடிப்போச்சு அத்தான். கொஞ்சம் எடுத்து ஜீப்புல போடுங்க."

மனைவி போனை நோக்கிக் குனிந்தாள். "டேய், எது கொஞ்சம், எது நிறையன்னு சொல்லித் தொலைடா!"

"அக்கா, அது ஒரு அனுபவத்துல வர்றது."

அனுபவம் யாரிடமும் இல்லாததால், மூக்கில் அடைத்ததை மொத்தமாக எடுத்து ஜீப்பின் பின்சீட்டில் கூரை வரை அடுக்கினார்கள். பின்பக்கக் கண்ணாடி முழுக்க மறைந்துவிட்டது. டிரெய்லரின் முன்பக்கம் காலி. பின்பக்கம் அடுப்பு மேடையும் தொட்டி நிறையத் தண்ணீரும் அப்படியே இருந்தன. இப்போது டிரெய்லருக்குப் பஸ்ஸும் வேண்டியிருக்கவில்லை, காற்றும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனதற்கே ஆடியது.

"சைக்கிளுக்கு ஆடுதுங்க!"

"தண்ணி! தொட்டியில தண்ணி இருக்கு, அதுதான் காரணம். திறந்துவிட்டா தீர்ந்துச்சு!"

இறங்கிப் போய்த் தொட்டிக் குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. சும்மா இருந்திருக்கலாம். சீக்கிரம் கொட்டட்டும் என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினார். குழாயின் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே என்ன அடைத்துக்கொண்டதோ, தண்ணீர் பாதியில் நின்றுபோனது.

நிறைந்த தொட்டியாவது சும்மா கிடக்கும். பாதித் தொட்டி அப்படியில்லை. வளைவில் திரும்பினால் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் ஓடியது. வளைவு முடிந்து ஜீப் நேரான பிறகு, அது மெதுவாக மறுபக்கம் ஓடியது. போன வளைவுக்கு ஆடி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

"அத்தான், ஜீப் பிரேக்கைத் தொடாதீங்க," என்றது போன். "ஸ்டீரிங்கை நேரா பிடிச்சு, வேகத்தைத் தானா குறைய விடுங்க. டிரெய்லர் பிரேக்குக்குத் தனியா ஒரு கைப்பிடி இருக்குமே, அதை மட்டும் மெதுவா அழுத்துங்க. பின்னாலருந்து யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி நேராயிடும்."

வாழ்க்கையில் முதல்முறையாக மச்சினன் சரியான யோசனை ஒன்று சொன்னான். ஒரு மாத்திரைக்குப் பதில் மூன்று போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கிறவர்களை மருந்துக்கடைக்காரர் தினமும் திட்டுகிறவர். அன்று அவரே கைப்பிடியைப் பிடித்து அடிவரைக்கும் அமுக்கினார். டிரெய்லரின் சக்கரங்கள் சுற்றுவதை நிறுத்திவிட்டு ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்தன. கறுப்புப் புகை கிளம்பியது. பின்னால் வரிசையாக நின்றுவிட்ட வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன.

ரப்பர் நாற்றத்தோடு ஊர்ந்து ஊர்ந்து, ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்திலிருந்த டயர் கடை வாசலில் போய் நின்றார்கள். டயர் கடைக்காரர் வெளியே வந்து, சக்கரங்களைத் தடவிப் பார்த்தார்.

"இது ஏன்ணே ஆடுது?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"எனக்கு டயரைத் தவிர ஒண்ணும் தெரியாது சார். டயர் தேஞ்சிருக்கு. அது மட்டும் தெரியுது."

மருந்துக்கடைக்காரர் டிரெய்லரின் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவுடன் அது லேசாக ஆடியது.

"வக்கீலுக்கே குடுத்துடலாம்," என்றார்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம். எனக்கு வரலை, விடு. ஏரி தெரியற மாதிரி ஜன்னலை வச்சு, உனக்கு ஒரு டீ போட்டுக் குடுக்கலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் இல்லை."

ஆசிரியை அவரையே பார்த்தாள். பரீட்சையில் கோட்டைவிட்ட பையன்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்; அதற்காகவெல்லாம் மனம் இளகுகிறவள் இல்லை. ஆனால் குழாய்ப் பிடியை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்தப் பையனைப் பார்க்க அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

"எழுந்திரிங்க. அங்க ஒரு சாப்பாட்டுக் கடை தெரியுது பாருங்க. முகத்தைக் கழுவிட்டு நல்லா சாப்பிடுங்க. நான் இவர்கிட்டப் பேசிப் பார்க்கறேன்."

"அவருக்கு டயர் மட்டும்தான் தெரியுமாம்."

"கேட்கிற விதமா கேட்டா எல்லாம் தெரியும். போங்க."

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எதிரே இருப்பது மரமா மனிதனா என்று தெரியாத மழை. மனைவி குடையோடு கடை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"சரி பண்ணியாச்சு! வாங்க, வாங்க."

"நிஜமாவா? என்ன கோளாறாம்?"

"நடந்துக்கிட்டே சொல்றேன். தலையை நனைச்சுக்காதீங்க, நாளைக்குத் தும்முவீங்க." குடையை அவர் மூக்கு வரைக்கும் இறக்கிப் பிடித்து, தரையில் அவர் கால் மட்டும் தெரிகிற மாதிரி அணைத்துக் கூட்டிக்கொண்டு போய், ஜீப் கதவைத் திறந்து உள்ளே தள்ளினாள். "கோளாறு டிரெய்லர்ல இல்லையாம். உங்ககிட்டத்தானாம்."

"என்கிட்டயா?"

"கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஸ்டீரிங்கை ஒடிக்கிறீங்கல்ல? அதனாலதான் ஆட்டம் கூடுதாம். அதான் ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி வச்சுட்டேன். நீங்க முன்னாடி மட்டும் பாருங்க. பின்னாடி நான் பார்த்துக்கறேன்."

"கொக்கி எல்லாம் சரியா..."

"ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்தாச்சு. கிளம்புங்க."

கிளம்பினார். முதல் வளைவில் தோளை இறுக்கிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வளைவிலும் ஆகவில்லை. அந்த மழையிலும் ஒரு பஸ் முந்திக்கொண்டு போனது. அவர் மூச்சுகூட விடவில்லை. ஜீப் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"ஆடுச்சா?"

மனைவி ஜன்னலை இறக்கித் தலையை நீட்டி, பின்னால் பார்த்தாள். "ஒரு ஆட்டமும் இல்லை."

பாலத்தின் மேல் பக்கக் காற்று பலமாக அடித்தது.

"இப்ப?"

"அசையவே இல்லைங்க!"

மேட்டில் ஜீப் சிட்டாக ஏறியது. "இழுக்கிற கனமே தெரியலையே!" என்றார் அவர்.

"கனத்தைச் சரியா பங்கு போட்டா அப்படித்தான் இருக்குமாம்."

அதற்குப் பிறகு மருந்துக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியிடம் சொல்லி அவள் தம்பிக்குப் போன் போட வைத்தார். "டேய், விஷயம் தெரியுமா? பஸ் வந்துச்சு, காத்து வந்துச்சு, மேடு வந்துச்சு. மலை மாதிரி வந்துக்கிட்டிருக்கு!"

"நான்தான் சொன்னேனே அத்தான்," என்றான் மச்சினன், எதைச் சொன்னான் என்று சொல்லாமல்.

பிறகு வழி முழுக்க அவர் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். டிரெய்லர் என்பது கூடவே வருகிற ஆளைப் போலவாம். அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சந்தேகப்பட்டால் அதுவும் தடுமாறுமாம். நம்பிக்கை வைத்தால் தானாகப் பின்னால் வருமாம். ஆசிரியை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"எவ்வளவு மார்க்கு?" என்று கடைசியில் கேட்டார்.

"நூத்துக்கு நூறு."

"அப்ப ஒப்பந்தம்?"

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம். விக்கச் சொல்லி இனிமே வாயே திறக்க மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, மறு கையால் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஏரிக்கரை முகாமை அடைந்தபோது மழை விட்டிருந்தது. மரங்களுக்கு நடுவே ஏரி பளபளத்தது. கம்பிக் கதவைத் திறந்துகொண்டு காவலாளி வந்தார். மருந்துக்கடைக்காரர் ஜன்னலை இறக்கினார். வாயெல்லாம் பல்.

"அண்ணே, டிரெய்லர் போடறதுக்கு நல்ல இடமா காட்டுங்க. ஏரி தெரியணும். அகலத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, எவ்வளவு குறுகலான சந்தா இருந்தாலும் நம்ம வண்டி ஆடாம அசையாம உள்ள வந்துடும்."

காவலாளி குனிந்து ஜீப்புக்குப் பின்னால் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குனிந்து, ரோடு வளைகிற இடம் வரைக்கும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஏரியில் ஏதோ அதிசயம் தெரிவது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த ஆசிரியையைப் பார்த்தார்.

"இடம் எதுக்கு சார்? டிரெய்லரை வழியில எங்கயாவது விட்டுட்டுத்தான் வருவோம், ஏரி தெரியற ரூமா ஒண்ணு போட்டு வைங்கன்னு அம்மா நேத்தே போன்ல சொல்லிட்டாங்களே!"