செம்பூர்க்காரர் சொன்னதெல்லாம் சரி

"டெலிஃபோனைக் கண்டுபிடிச்சது எடிசன்" என்று செம்பூர்க்காரர் மைக்கில் அழுத்தந்திருத்தமாகச் சொன்னதும், க்விஸ் மாஸ்டர் வேங்கடசுப்ரமணியனுக்குக் கிரஹாம் பெல் நாக்கு நுனிவரை வந்து நின்றார். கிரஹாம் பெல் நாக்கு நுனிவரை வந்து நின்றார். அவரை அப்படியே விழுங்கிவிட்டார்.

விழுங்காமல் என்ன செய்வது? செம்பூர்க்காரர், பெண் பார்க்க வந்திருக்கும் பத்ரியின் அப்பா. 'கொலுவுக்கு வந்த மாதிரி இருக்கட்டும்' என்று குடும்பத்தோடு மாட்டுங்காவுக்கு வந்தவரைச் சும்மா உட்கார வைக்கக் கூடாதென்று, கட்டடத்து நவராத்திரி க்விஸில் ஓர் அணிக்குத் தலைவராக்கியிருந்தார்கள்.

பொது அறிவு வேங்கடசுப்ரமணியனுக்கு ஒரு வியாதி. யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாவிட்டால் சாப்பாடு இறங்காது. திருத்தித் திருத்தியே மகள் சாருலதாவுக்கு வந்த இரண்டு வரன்களை விரட்டியிருந்தார். காலையிலேயே அவள் எச்சரித்திருந்தாள்.

"அப்பா, பத்ரியை எனக்குப் பிடிச்சிருக்கு. இன்னிக்கு அவா என்ன சொன்னாலும் நீங்க திருத்தப்படாது. திருத்தினேள்னா, நான் நேரா ரெஜிஸ்டர் ஆபீஸ்தான்."

ஆகவே வேங்கடசுப்ரமணியன் மைக்கைப் பிடித்தார். "சரியான விடை!"

"க்யா சரி?" எதிரணியிலிருந்து மூன்றாம் மாடி பஞ்சு துள்ளி எழுந்தார். "கிரஹாம் பெல்னு போன வருஷம் நீர்தானே ஓய் சொன்னீர்?"

"அது போன வருஷம். ஆராய்ச்சியெல்லாம் மாறிண்டே இருக்கு. உக்காரும்."

பாவம், சம்பந்தியாகப்போற மனுஷருக்கு விஞ்ஞானம் வராது போல, சரித்திரத்துக்குப் போவோம் என்று முடிவு செய்தார். கையிலிருந்த கேள்வியைத் தள்ளிவிட்டு, எல்.கே.ஜி. குழந்தையைக் கேட்பதுபோல் கேட்டார். "தாஜ்மஹாலைக் கட்டினது யாரு?"

செம்பூர்க்காரர் திரும்பி முன்வரிசையில் இருந்த மனைவி அம்மிணியைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அக்பர்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை வேங்கடசுப்ரமணியன் முன்பின் செய்ததில்லை. இருந்தாலும் துணிந்து இறங்கினார்.

"சரிதான்! அக்பர் இல்லேன்னா பேரன் ஷாஜஹான் ஏது? அடிப்படையில பார்த்தா அக்பர்தான்."

"அப்போ பாபர்னு சொன்னாலும் மார்க் உண்டா?" என்று கத்தினார் பஞ்சு.

கடைசிக் கேள்வியில் விடையையே ஊட்டிவிடுவதென்று வேங்கடசுப்ரமணியன் தீர்மானித்தார். "ஆப்பிள் விழுந்ததைப் பார்த்துப் புவியீர்ப்பைச் சொன்ன விஞ்ஞானி யாரு? நியூ... நியூட்..."

செம்பூர்க்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். "நியூயார்க்."

"ஆஹா! முழு மார்க்!"

"பஸ், பஹுத் ஹோ கயா, போதும் ஓய்! இவருக்குப் புத்தி பேதலிச்சுடுத்து" என்று பஞ்சு தம் அணியோடு வெளியேறினார். எதிரணியே இல்லாத நிலையில் முதல் பரிசான பிரஷர் குக்கர் செம்பூர்க்காரருக்குப் போயிற்று. அவர் அதை விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

வேங்கடசுப்ரமணியன் அத்தனை வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரே சாயங்காலத்தில் காற்றில் போய்விட்டது. நாளைக்குப் பால்காரன்கூடச் சிரிப்பான். ஆனாலும் பெற்ற பெண்ணுக்காகத்தானே, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சுண்டல் கிண்ணத்தோடு அம்மிணியிடம் போனார்.

"என்ன மாமி, மாமா எங்கே? தேதியைப் பேசி முடிச்சுடலாமா?"

அம்மிணி சுண்டலைத் தொடவில்லை.

"என்னத்தைப் பேசறது மாமா? பேங்க்ல இருந்த நாள்லேர்ந்து எங்காத்து மாமாதான் க்விஸ் சாம்பியன். 'சம்பந்தி கட்டடத்து மனுஷாளை அவா மேடையிலேயே ஜெயிச்சு அவமானப்படுத்தாதீங்கோ, எல்லாத்துக்கும் தப்பாவே பதில் சொல்லுங்கோ'ன்னு நான்தான் சத்தியம் வாங்கிண்டு மேடைக்கு அனுப்பிச்சேன், இப்போ 'நியூட்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆத்துல பொண்ணெடுக்க மாட்டேன்'னு டாக்ஸியில ஏறி உக்காந்துண்டிருக்கார்!"